முப்பத்துநான்கு நாள்

"கல்யாணம் செப்டம்பர் பன்னெண்டு. அரசாணை அக்டோபர் பதினாறு. நடுவுல முப்பத்திநாலு நாள் இருக்கேம்மா," என்றார் சூப்பிரண்டு இம்மானுவேல். சொல்லிவிட்டு மேசைக் காலண்டரில் விரலை வைத்து ஒவ்வொரு நாளாக மறுபடியும் எண்ணினார். இரண்டாம் தடவை எண்ணினால் குறையும் என்று நினைத்தாரோ என்னவோ, குறையவில்லை.

நாகஜோதியின் கையில் கல்யாணப் பத்திரிகையும், போட்டோவும், 'எனக்குத் திருமணமாகிவிட்டது, என் மனுவில் திருத்திக்கொள்ள வேண்டும்' என்று எழுதிய கடிதமும் இருந்தன. ஆபீசில் எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று அரைக் கிலோ மைசூர்பாகு வேறு வாங்கி வந்திருந்தாள். அந்தப் பெட்டியை இப்போது எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இருக்கட்டும் சார். அந்த முப்பத்திநாலு நாளுக்கு என்ன?"

"அந்த முப்பத்திநாலு நாளும் பழைய விதிதான் நடப்புல இருந்துச்சு. பழைய விதியில கல்யாணமான மகளுக்கு வேலை கிடையாது. நீ கழுத்த நீட்டின அன்னைக்கே உன் மனு செத்துப்போச்சு. புது விதி அதுக்குப் பெறகு வருது. உசிரோட இருக்கிற மனுவுக்குத்தான் அது பொருந்தும்."

"இப்ப கல்யாணமான மகளுக்கும் வேலை உண்டுல்ல சார்?"

"உண்டு."

"எனக்குக் கல்யாணம் ஆயிருச்சுல்ல?"

"ஆயிருச்சு."

"பெறகென்ன சார்?"

"அதாம்மா சொல்றேன். நடுவுல முப்பத்திநாலு நாள் இருக்கு."

நாகஜோதி சூப்பிரண்டு முன்னாலேயே நெற்றியில் அடித்துக்கொண்டாள். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஐந்து வருடமாக அந்த ஆபீசில் 'சார், சார்' என்று குழைந்து நின்றவளுக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. ஏறாதா பின்னே? அவள் கதையைக் கேட்டால் யாருக்கும் ஏறும்.

அவளுடைய அப்பா வீரபத்திரன் அரசு மாணவர் விடுதி ஒன்றில் சமையலர். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரையில், மத்தியானச் சோற்றை வடித்து இறக்கிவைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை. பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை தருவார்கள். மனைவி முத்துப்பேச்சிக்கு அதற்கான வயது தாண்டிவிட்டது, எழுத்து வாசனையும் கிடையாது. இருந்த ஒரே பிள்ளை நாகஜோதி. பி.காம். படித்தவள் என்பதால் இளநிலை உதவியாளர் வேலைக்கே தகுதி உண்டு என்றார்கள். எம்.ரெட்டியபட்டியில் அந்தத் தெருவிலிருந்து ஆபீஸ் நாற்காலிக்கு யாரும் போனதில்லை. தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்த குடும்பம்.

அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. பரளச்சியில் இருக்கும் அத்தை மகன் முத்துராஜுக்குப் பரிசம் போட்டு, வைகாசியில் கல்யாணம் என்று நாளும் குறித்திருந்தது. அப்பாவின் காரியம் முடிந்து விண்ணப்பம் கொடுக்கப் போனபோது விருதுநகர் ஆபீசில் ஒருவர் விதியைப் படித்துக் காட்டினார். மனைவி, மகன், மணமாகாத மகள். மகனுக்குக் கல்யாணமாகி நாலு பிள்ளை இருந்தாலும் அவன் மகன்தான். மகளுக்கு மட்டும் கழுத்து வெறுமையாக இருக்க வேண்டுமாம். "ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் கட்டிக்காத பாப்பா. கொஞ்ச நாள்தான்," என்றார் அவர். நல்ல மனசோடுதான் சொன்னார்.

கொஞ்ச நாள்! வைகாசி போய் ஆவணி வந்தது, ஆவணி போய்த் தை வந்தது. அப்படி ஐந்து தை வந்தது. ஒவ்வொரு தையிலும் 'திருமணமாகாதவர் சான்று' புதிதாக வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றார்கள், பழையது செல்லாதாம். இ-சேவை மையத்தில் பதிந்துவிட்டு வி.ஏ.ஓ.விடம் போனால், அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் 'இந்தப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை' என்று கையெழுத்துப் போட வேண்டும் என்பார் அவர். முதல் வருடம் அக்கம்பக்கம் பரிதாபப்பட்டுக் கையெழுத்துப் போட்டது. மூன்றாவது வருடம், "ஏத்தா, இந்த வருசமும் ஆகலயாக்கும்?" என்று சிரித்துக்கொண்டே போட்டது. நடுவில் அந்த வி.ஏ.ஓ. தன் மகளுக்குக் கல்யாணமும் முடித்துப் பேரனுக்குக் காதும் குத்திவிட்டார்.

பரளச்சியில் முத்துராஜ் பாடு அதைவிட மோசம். லோடு வேன் ஓட்டுகிறவன். டீக்கடையில் வண்டியை நிறுத்தினாலே, "என்னலே, கலெக்டர் இன்னும் பொண்ணு தரலயா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். காதோரம் நரைத்து, மை பூச ஆரம்பித்திருந்தான். அவன் அம்மா சந்தனம்மாள் வீரபத்திரனுக்குக் கூடப்பிறந்த தங்கை. அண்ணன் மகள் என்ற ஒரே காரணத்துக்காக வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டு அவிழ்கிற நாட்களில், "எம் மகன் கல்யாணத்துக்கு அரசாங்கமா நாள் பாக்குறது? நீயும் வேணாம், உன் வேலையும் வேணாம்னு சொல்ல எனக்கு எம்புட்டு நேரமாகும்?" என்று போனில் கத்துவாள். கத்திவிட்டு மறுநாள் அவளே கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்பாள்.

வேலையே வேண்டாம் என்று நாகஜோதி உதறிவிட்டுப் போயிருக்கலாம்தான். ஆனால் அப்பா போனபிறகு அவள் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சுத் தூசி அவளுக்குச் சேரவில்லை. இரண்டாம் வருடமே இருமல் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "இந்த மில்லை விடாம என்ன மருந்து தின்னும் பிரயோசனம் இல்லம்மா," என்று சொல்லிவிட்டார். மில்லை விட்டால் சோற்றுக்கு வழி இந்த வேலைதான். அதனால் இருமிக்கொண்டே காத்திருந்தாள்.

ஐந்தாவது வருடம் சித்திரையில் முத்துராஜ் டீக்கடைப் பேப்பர் ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு வந்தான். எங்கோ வட மாவட்டத்தில் ஒரு பெண் கேஸ் போட்டு, சென்னை ஐகோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருந்தது. கல்யாணமானால் மகன் மகனாகவே இருப்பான், மகள் மட்டும் மகள் இல்லாமல் போய்விடுவாளா, இந்த விதி செல்லாது என்று. நாகஜோதி பேப்பரோடு மறுநாளே விருதுநகருக்கு ஓடினாள். இம்மானுவேல் நிதானமாகப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"நல்ல தீர்ப்பு. ஆனா இது அந்த மனுதாரருக்கு."

"செல்லாதுன்னு சொன்னது விதியத்தான சார்? அந்தம்மாவையா?"

"விதியத்தாம்மா. ஆனா தீர்ப்பு அந்தம்மாவுக்கு. எங்களுக்கு அரசாணை வரணும்."

இது என்ன நியாயம்? ஒரு பாலம் உடைந்துவிட்டது என்று கோர்ட்டு சொல்கிறது. அப்படியானால் கோர்ட்டுக்கு வந்த அந்த அம்மாள் மட்டும் அதன்மேல் போக வேண்டாம், மற்றவர்கள் எல்லாரும் போங்கள் என்கிற மாதிரி இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது நாகஜோதி இதையே யோசித்து யோசித்துத் தலைவலி வாங்கிக்கொண்டாள்.

அப்புறம் ஆவணியில்தான் அந்தச் செய்தி வந்தது. சட்டசபையில் அறிவித்துவிட்டார்கள், டிவியில் கீழே எழுத்து ஓடியது: இனி மணமான மகள்களுக்கும் கருணை அடிப்படையில் பணி. முத்துப்பேச்சிக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் நாகஜோதி மூன்று தடவை வாசித்துக் காட்டினாள். ஆபீசுக்கும் போன் போட்டாள். எடுத்தவர், "நானும் பாத்தேன் மேடம், இனிமே பிரச்சினை இல்ல, வாழ்த்துகள்," என்றார். வாழ்த்தே சொல்லிவிட்டார்!

போனை வைத்த அரை மணி நேரத்தில் சந்தனம்மாள் கூப்பிட்டாள். "ஆவணிக்குள்ள முடிச்சிருவோம் மதினி. விட்டா புரட்டாசி வந்துரும். புரட்டாசியில யாரு கல்யாணம் வப்பா? ஐப்பசி அடைமழையில பந்தல் போட முடியாது. அஞ்சு வருசம் பொறுத்தது காணாதா?"

காணும் என்றுதான் எல்லாருக்கும் பட்டது. ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில், பரளச்சியில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் பந்தல் போட்டு, செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி முத்துராஜ் தாலி கட்டினான். கை நடுங்கி மூன்றாம் முடிச்சு விழவே இல்லை, சந்தனம்மாள்தான் போட்டாள். அத்தனை சனம் வந்திருந்தது, பந்தி பந்தியாகச் சாப்பிட்டது. அறிவிப்பு வேறு அரசாணை வேறு என்று ஒருவர் வாயிலிருந்தாவது வந்ததா? வரவில்லை. யாருக்குத் தெரியும்? டிவியில் சொன்னால் அது செய்தி. அதைத் தாளில் அடித்து, மேலே ஒரு தேதி போட்டு, கீழே ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் சட்டம். அந்தத் தாள் புரட்டாசி முழுக்கச் சென்னையில் ஏதோ ஒரு மேசையில் தூங்கிவிட்டு, புரட்டாசி முடிகிற சமயத்தில் கண் விழித்தது.

ஐந்து வாரம் பொறுத்து ஐப்பசியில் கட்டியிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

இம்மானுவேலைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு அவள் நெற்றியில் அடித்துக்கொண்டதைப் பார்த்ததும் அவருக்கும் சங்கடமாகிவிட்டது. தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கல்யாணத்தப் பதிஞ்சிட்டீங்களா?"

"இன்னும் இல்ல சார்."

"கோயில்ல ரசீது எதும் போட்டாகளா?"

"வீட்டு வாசல்ல வச்சது சார்."

"அப்ப இந்தக் கடுதாசிய நான் வாங்கவே இல்ல. இன்னும் தபால் நம்பர் போடல, எடுத்துக்கிட்டுப் போ. செப்டம்பர்ல நடந்தது நிச்சயதார்த்தம்னு வச்சுக்குவோம். இதுவரைக்கும் திருமணம் ஆகலன்னு ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுது. ஐப்பசியில ஏதாச்சும் கோயில்ல ரசீது போட்டு இன்னொரு தடவ தாலி கட்டி, அந்தத் தேதியில பதிஞ்சிட்டு வா. மாசக் கடைசியில பட்டியல் சென்னைக்குப் போகுது. அதுக்குள்ள வந்தா உன் பேர் மேலயே இருக்கும்."

"நடந்த கல்யாணத்த நடக்கலன்னு எழுதணுமா சார்?"

"நான் உன் நல்லதுக்குச் சொல்றேம்மா," என்றார் அவர். உண்மையிலேயே நல்லதுக்குத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கத்துவதற்குக் கூட ஒரு ஆள் இல்லை.

அன்று சாயங்காலம் எம்.ரெட்டியபட்டி வீட்டில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். முத்துராஜ்தான் முதலில் பேசினான்.

"இதுல என்னத்த இருக்கு? நான் எத்தன தடவ வேணும்னாலும் கட்டுறேன். மொத தடவதான் கை நடுங்குச்சு, இப்ப பழகிருச்சு."

"சிரிக்காத மச்சான். கடுப்பாகுது."

"சிரிக்காம என்னத்தச் செய்ய?"

சந்தனம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கோயில்ல கட்டணும்னா கழுத்துல கெடக்கிறதக் கழட்டிட்டுப் போகணும். ரெண்டு தாலியோடயா போயி நிப்பா? எம் மகன் கல்லுக் கணக்கா உக்காந்திருக்கையில அவ தாலியக் கழட்டுறதா? நான் உசிரோட இருக்கிற வரைக்கும் விடமாட்டேன்."

"ஒரு நாளைக்குத்தான் சந்தனம்," என்றாள் முத்துப்பேச்சி. "மஞ்சத் துணியில முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வச்சிருவோம். மறுநா அதையே கட்டிக்கிறட்டும். சாமிக்குத் தெரியாதா நம்ம கஷ்டம்? ராத்திரியெல்லாம் இருமுறாடி அவ. பக்கத்துல படுத்துப் பாரு, தெரியும்."

இப்படிப் பேசினது முத்துப்பேச்சியா என்று எல்லாருக்குமே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை வாசல் தெளிக்காமல் தண்ணீர் குடிக்காதவள், சகுனம் பார்க்காமல் பஸ் ஏறாதவள். அவள் வாயிலிருந்தே இது வருகிறதென்றால் அந்த இருமல் அவளை எவ்வளவு அரித்திருக்க வேண்டும். சந்தனம்மாள் எழுந்தாள். சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டாள்.

நாகஜோதி சரி என்று சொல்லிவிட்டாள். மறுநாள் அருப்புக்கோட்டையில் கோர்ட்டுப் பக்கம் ஒரு டைப்பிங் கடையில் பத்திரம் அடிக்கக் கொடுத்தாள். கடைக்காரர் அடித்து முடித்து, சரியா என்று சத்தமாக வாசித்தார். 'இன்றைய தேதி வரை எனக்குத் திருமணம் நடைபெறவில்லை என்று இதன்மூலம் உண்மையாக உறுதி கூறுகிறேன்.' கடையில் நின்ற நாலு பேர் அவள் கழுத்தையும் புது மஞ்சள் கயிற்றையும் பார்த்தார்கள். ஐந்து வருடம் இதே வரியை உண்மையாக எழுதிக் கொடுத்தாள். அப்போதெல்லாம் அதை நம்பாமல் இரண்டு சாட்சி கேட்டார்கள். இப்போது பொய்யாக எழுதச் சொல்லும்போது ஒரு சாட்சியும் வேண்டாமாம். கையெழுத்துப் போடும் இடத்தை வெறுமையாக விட்டு, பத்திரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை காலை திருச்சுழிக் கோயிலில் கேட்டு வைத்திருந்தது. கிளம்புவதற்கு முன்னால் நாகஜோதி அம்மாவின் முன்னால் போய்த் திரும்பி உட்கார்ந்தாள். முடியை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினாள். கயிற்றின் முடிச்சு பின்கழுத்தில் இருந்தது.

"அவுத்து விடும்மா."

முத்துப்பேச்சி முடிச்சில் கை வைத்தாள். விரல் ஓடவில்லை. நகத்தால் நெம்பினாள், நனைத்துப் பார்த்தாள். மஞ்சள் கயிறு இறுகிப்போயிருந்தது என்று முதலில் நாகஜோதி நினைத்தாள். அப்புறம்தான் அம்மா முடிச்சை விட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டது முதுகில் தெரிந்தது.

"என்னால ஆகாதுடி," என்றாள் முத்துப்பேச்சி. "அன்னைக்கு உங்க அப்பனக் கொண்டுபோன பெறகு, எனக்கு இப்படித்தான் பின்னால உக்காந்து அவுத்தாளுக. எம் புருசன் செத்தான், அவுத்தாளுக. உம் புருசன் வாசல்ல வண்டியத் தொடச்சுக்கிட்டு நிக்கான். எந்த ஆபீசுக்காரனுக்காகடி நான் இத அவுக்க? ஆகாது. நீ இருமிக்கிட்டே கெட. ஆகாது."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். நாகஜோதி எழுந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஆபீஸ் மேல், விதி மேல், அந்தச் சென்னை மேசை மேல், இவ்வளவு தூரம் தலையாட்டிக்கொண்டு வந்த தன் மேலேயே. பையிலிருந்து பத்திரத்தை எடுத்து நாலாகக் கிழித்து அடுப்படியில் போட்டாள். வாசலுக்கு வந்து, "மச்சான், வண்டிய எடு," என்றாள்.

"திருச்சுழிக்கா?"

"விருதுநகருக்கு."

இம்மானுவேல் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "என்னம்மா, கோயில் ரசீது கொண்டாந்தாச்சா?"

நாகஜோதி பழைய கடிதத்தையும் கல்யாணப் பத்திரிகையையும் போட்டோவையும் மேசைமேல் வைத்தாள். "இதுக்குத் தபால் நம்பர் போடுங்க சார்."

"இதப் போட்டா உன் மனுவத் தள்ளித்தான் ஆகணும். நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"தள்ளுங்க. ஆனா எழுத்துல தள்ளுங்க. அஞ்சு வருசமா இந்த ஆபீசுல எல்லாமே வாய்ப்பேச்சுதான். கட்டிக்காதன்னது வாயில, கொஞ்ச நாள்னது வாயில, வாழ்த்துகள்னதும் வாயில. நடந்த கல்யாணத்த நடக்கலன்னு எழுதுன்னதும் வாயிலதான். ஒரு துண்டுச்சீட்டு தந்ததில்ல நீங்க. இதையாவது எழுதிக் குடுங்க. எந்தத் தேதியில, எந்த விதியில, எதுக்காக எனக்கு இல்லன்னு."

"எழுதிட்டா மாத்த முடியாதும்மா. பட்டியல்ல பேர் இருக்காது."

"தெரியும் சார்."

அவர் கடிதத்தில் தபால் நம்பரைப் போட்டார். பிறகு பேனாவை மூடி, மூடியைத் திறந்து, மறுபடி மூடினார். பத்து நாளில் பதிவுத்தபாலில் வந்தது கடிதம். மனுதாரருக்கு இன்ன தேதியில் திருமணமானதாலும், அத்தேதியில் மணமான மகள்களுக்கு வழிவகை இல்லாததாலும், பின்னிட்டு வெளியான அரசாணைக்கு முன்தேதியிட்டுப் பலனளிக்க இயலாததாலும் மனு நிராகரிக்கப்படுகிறது. மொத்தம் ஒரே வாக்கியம். அதற்குள் மூன்று 'தாலும்'.

அந்தக் கடிதத்தோடு அவள் போனது அருப்புக்கோட்டை வக்கீல் சத்யபிரியாவிடம். இவளைவிட ஐந்தாறு வயது இளையவள், மதுரையில் ஐகோர்ட்டுக் கிளைக்கும் போய்வருகிறவள். கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "இத எப்படிங்க வாங்குனீங்க? ஆபீஸ்ல இந்த மாதிரி எழுதவே மாட்டாங்களே. வாய்ல சொல்லித்தான் அலைய விடுவாங்க. எழுதினாத்தான் நாம கோர்ட்டுல அதக் கேள்வி கேக்க முடியும்." மதுரைக் கிளையில் கேஸ் பதிவானது கார்த்திகையில். மார்கழியில் அரசு தரப்பு அவகாசம் கேட்டது. மாசியில் மறுபடியும் கேட்டது. பட்டியல் அவள் பெயர் இல்லாமலே சென்னைக்குப் போய்விட்டது. நாகஜோதி மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள், மூக்கில் துணி கட்டிக்கொண்டு.

பங்குனியில் ஒரு புதன்கிழமை கேஸ் எடுத்தார்கள். நாகஜோதியும் முத்துராஜும் கடைசி வரிசையில் நின்றார்கள். இங்கிலீஷில் ஓடியது பாதி அவளுக்குப் பிடிபட்டது, பாதி பிடிபடவில்லை. சத்யபிரியா எழுந்து தேதிகளைச் சொன்னாள். அரசு வக்கீல் எழுந்து அதே தேதிகளைத் திருப்பிச் சொன்னார், அரசாணை வெளியான நாளிலிருந்துதான் பொருந்தும் என்றார். நீதிபதி அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அரசு வக்கீலிடம் தமிழிலேயே கேட்டார்.

"பழைய விதி செல்லாதுன்னு இந்தக் கோர்ட்டு எப்ப சொல்லுச்சு?"

"ஏப்ரல் மாசம், மைலார்ட்."

"இவங்களுக்குக் கல்யாணம் எப்ப?"

"செப்டம்பர்."

"ஏப்ரல்ல செல்லாதுன்னு ஆன விதி, செப்டம்பர்ல இவங்க மனுவத் தள்றதுக்கு எங்கேருந்து எந்திரிச்சு வந்துச்சு?"

அரசு வக்கீல் பேப்பரைப் புரட்டினார். "அரசாணை அக்டோபர்லதான்..."

"அரசாணை விதியத் திருத்துச்சு. செல்லாததச் செல்லுபடி ஆக்கல. இந்த அம்மா அந்த முப்பத்துநாலு நாள்ல என்ன தப்புப் பண்ணினாங்க, சொல்லுங்க."

"தப்பு ஒண்ணும் இல்ல, மைலார்ட்."

"அப்புறம்?"

நீதிபதி குனிந்து தீர்ப்பைச் சொல்லச் சொல்ல, கீழே உட்கார்ந்திருந்தவர் டைப் அடித்தார். நிராகரிப்பு ரத்து. எட்டு வாரத்துக்குள் பணி நியமனம் வழங்க வேண்டும். அடுத்த கேஸ் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வராண்டாவில் முத்துராஜ் போனை எடுத்துப் பார்த்தான். "நாலு நிமிசந்தான் ஆயிருக்கு ஜோதி," என்றான் நம்ப முடியாமல். "எட்டு வாரம்னா வைகாசிக்குள்ள வந்துரும். மில்லுக்குப் போயிக் கணக்க முடிச்சிரு."

நாகஜோதி சுவரில் சாய்ந்து நின்றாள். சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்குப் பதிலாகக் கோபம்தான் பொங்கி வந்தது. இருமல் வந்தது, அடக்கிக்கொண்டாள். அப்புறம் அவளால் அடக்க முடியவில்லை. அத்தனை வக்கீல்கள் போய்க்கொண்டிருந்த அந்த இடத்தில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"ஏங்க, என்னங்க இது," என்று சத்யபிரியா ஓடிவந்தாள். "நாம ஜெயிச்சிருக்கோம். அழுற நேரமா இது?"

"ஜெயிச்சதுனாலதான் மேடம் கோவம் வருது," என்றாள் நாகஜோதி. "தோத்திருந்தா, சரி, சட்டம் அப்படித்தான் போலன்னு நெனச்சு வீட்டுக்குப் போயிருப்பேன். அஞ்சு வருசத்தையும் அதோட சேத்து மறந்திருப்பேன். இப்ப பாருங்க, சட்டம் அப்படி இல்லவே இல்லயாம்ல."